மிதுனாவோட மெத்தை

அந்தப் பையைக் கொஞ்சம் காலுக்குக் கீழ வச்சுக்கட்டுமாண்ணே? மேல வச்சா நசுங்கிரும். வெத்தலை பாக்கு, பழம், ஒரு வேட்டி சட்டை, அவ்வளவுதான். வெத்தலை வாடிரும்னு எம் பொண்டாட்டி ஈரத்துணியில சுத்திக் குடுத்திருக்கா. திருப்பூர் போறேன். என் மச்சினன் அங்கதான் பனியன் கம்பெனியில இருக்கான். பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கு. தாய்மாமனை நேர்ல போய் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடணும்ல. மாமன் மடியில உக்கார வச்சுத்தான காது குத்துறது. பெத்தவன் எங்க நிக்கணும்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் வாய்விட்டே கேட்டேன். எங்க சித்தப்பா சொல்றாரு, "நீ போய்ப் பந்தியைப் பார்றா"ங்கிறாரு.

நீங்க காங்கயத்துல இறங்கணுமா? அப்ப நேரம் இருக்கு.

எனக்குப் பேராவூரணிப் பக்கம்ணே. பேரு குணசீலன். தோஹாவுல ஏசி மெக்கானிக்கா இருந்தேன். கல்யாணமாகி நாலு மாசத்துல போனவன். பாப்பா பொறந்தப்ப நான் இல்ல. லீவுல வந்தப்ப அதுக்கு ஒரு வயசு, என்னைப் பார்த்து அலறுச்சு. அடுத்த லீவுல அலறல, ஆனா கிட்டயும் வரல. போதும்டா சாமின்னு போன தை மாசம் எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு ஊருக்கே வந்துட்டேன். இப்ப அங்கயே சின்னதா ஏசி, ஃப்ரிட்ஜ் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். பாப்பா பேரு மிதுனா. யூகேஜி படிக்குது.

வந்து இறங்குன அன்னைக்கே ஆரம்பிச்சுருச்சுண்ணே. திருச்சி ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. ட்ராலியைத் தள்ளிக்கிட்டு வெளிய வர்றேன், பாப்பா என் மச்சினன் இடுப்புல உக்காந்திருக்கு. நான் ரெண்டு கையையும் நீட்டுனேன். அது அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. அவன் சிரிக்கிறான். "ரெண்டு நாள்ல பழகிரும் அத்தான்"ங்கிறான். எம் பிள்ளை என்கிட்டப் பழகிரும்னு அவன் எனக்குச் சொல்றான்.

வீட்டுக்கு வந்ததும், "குருமா வேணும், குருமா வேணும்"னு அழுவுது. பிள்ளைக்குப் பசி போலிருக்குன்னு, வந்த களைப்புலயும் வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் பரோட்டாவும் குருமாவும் வாங்கிட்டு வந்தேன். வீடே சிரிக்குது. என் மச்சினன் பேரு பாலகுரு. குரு மாமாங்கிறதைத்தான் அது குருமா, குருமான்னு கூப்பிடுமாம். அவன் கடைத்தெரு வரைக்கும் போயிருந்தான். வந்தான், அழுகை நின்னுச்சு. அந்தப் பரோட்டாவையும் அவனேதான் தின்னான்.

நல்ல பையன்தாண்ணே. நான் இல்லைன்னு சொல்லல. ஆம்பளை இல்லாத வீடுன்னு நானேதான் போன்ல சொல்லி அவனை அங்க தங்க வச்சேன். செல்போன் கடையில வேலை பார்த்துக்கிட்டு அக்காவுக்குத் துணையா இருந்தான். பாப்பாவை ஸ்கூலுக்குக் கொண்டு போய் விடுவான். சோறு ஊட்டுவான். தலை பின்னி விடுவாண்ணே. ஆம்பளை தலை பின்னுவானா? ரெட்டைச் சடை, நடுவுல வகிடு நூல் புடிச்ச மாதிரி இருக்கும். ஒரு நாள் நான் பின்னி விட்டேன். கண்ணாடிக்கு முன்னால போய் நின்னு ரெண்டு சடையையும் பார்த்துச்சு. அவிழ்த்துட்டு, சீப்பை எடுத்துக்கிட்டு அவன்கிட்டப் போயிருச்சு.

அதுக்காக நான் அவனை அனுப்பலண்ணே. அப்படி யாரும் நெனச்சா அது அவங்க நெனப்பு. வயசுப் பையன், செல்போன் கடையில எத்தனை நாளைக்குக் கவர் மாட்டிக்கிட்டு இருப்பான்? திருப்பூர்ல என்னோட தோஹா ரூம்மேட் ஒருத்தன் கம்பெனியில மேனேஜரா இருக்கான். அவன்கிட்ட சொல்லி வேலை வாங்கிக் குடுத்தேன். எவ்வளவு சீக்கிரம் சேரணுமோ சேரச் சொன்னேன். நான் வந்து ஒரு மாசம்கூட ஆகல, அவன் கிளம்பிட்டான். எம் பொண்டாட்டி சுகுணா, "பரீட்சை முடியட்டும், பாப்பா தேடும்"னா. தேடுறதுக்கு நான் இருக்கேன்லன்னேன்.

அவன் இருந்த ரூமைத்தான் பாப்பாவுக்குன்னு மாத்துனேன். ரோஸ் கலர் பெயிண்ட்டு, கட்டிலு, நல்ல ஸ்பாஞ்சு மெத்தை. ஏசி நானே மாட்டுனேன். இத்தனை வருசம் அடுத்தவன் பிள்ளைங்க ரூமுக்கெல்லாம் ஏணி போட்டு ஏறி ஏசி மாட்டியிருக்கேன். அந்தப் பிள்ளைங்க கீழ நின்னு அண்ணாந்து பார்க்கும். எம் பிள்ளை ரூமுக்கு மாட்டணும்னு எனக்கு ஆசை இருக்காதாண்ணே? மாட்டி முடிச்சு ரிமோட்டை அது கையில குடுத்தேன். வாங்கி வச்சுக்கிட்டு, "குருமா எங்க படுப்பாங்க?"ன்னு கேட்டுச்சு.

அதுவரைக்கும் அது அவங்க அம்மா பக்கத்துலதான் படுக்கும். பாத்ரூம் எங்க ரூமுக்குள்ளதான் இருக்கு. ராத்திரியில ஒண்ணுக்கு வந்துச்சுன்னா அம்மாவை உலுக்கும், அவ கூட்டிட்டுப் போவா. மூணு வயசுலேர்ந்து பாப்பா படுக்கையை நனைச்சதே கிடையாது. சுகுணா எனக்குப் போன்ல அப்பவே பெருமையாச் சொல்லியிருக்கா. நானும் தோஹாவுல கூடத் தங்கியிருந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன்.

புது ரூமுல படுக்க வச்சோம். நாங்க ரெண்டு பேரும் எங்க ரூமு. கல்யாணமாகி எங்களுக்குக் கிடைச்சது நாலு மாசம்ணே. தாழ்ப்பாள் போடாம எப்பிடி? மொத நாள் வந்து கதவைத் தட்டுச்சு. "அப்பா இருக்கேன்ல, போய்த் தூங்கு பாப்பா"ன்னேன். போயிருச்சு. மறுநாளும் தட்டுச்சு. அதுக்கப்புறம் தட்டல. "பாரு, எவ்வளவு சீக்கிரம் பழகிருச்சு"ன்னு சுகுணாகிட்ட சொன்னேன். அடுத்த நாள் காலையில பார்த்தா மெத்தை நனைஞ்சிருந்துச்சு.

ஒரு நாள்னா விட்டுரலாம். தினம்ணே. வாரம் பூரா.

ஏசி குளிரா இருக்கும்னு ஏசியை நிப்பாட்டுனேன். நனைச்சுச்சு. வயித்துல பூச்சி இருக்கும்னு மருந்து குடுத்தோம். நனைச்சுச்சு. எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. குரு சாயங்காலமானா வீடியோ கால் போடுவான். அரை மணி நேரம் பேசும் பாப்பா. சாப்பிட்டது, டீச்சர் சொன்னது, கீழ விழுந்தது எல்லாம் சொல்லும். என்கிட்ட கேட்டா, "ம், ஸ்கூல் நல்லாருந்துச்சு", அவ்வளவுதான். அவன்கிட்ட பேசிப் பேசித்தான் பிள்ளைக்கு ஏக்கம் வந்து இப்பிடி ஆவுதுன்னேன். சுகுணா, "அவன் பேசாத அன்னைக்கும்தான ஆவுது"ன்னா. நான் கேட்கல. போன் வேணாம், பிள்ளை கண்ணு கெட்டுப்போவும்னு நிப்பாட்டிட்டேன். அப்பவும் நிக்கல. சரி, போன் காரணமில்லைன்னு தெரிஞ்சு போச்சு. ஆனா திரும்பப் பேசச் சொல்லணும்னு எனக்குத் தோணல.

ஸ்பாஞ்சு மெத்தை லேசுல காயாதுண்ணே. தினம் காலையில தூக்கிக் காம்பவுண்டு சுவத்துல போடுவேன். எதிர்வீட்டு சகுந்தலா அக்கா, "என்ன குணசீலா, டெய்லி மெத்தை வெயில் காயுது?"ன்னு கேட்டுச்சு. நான் பொய் சொல்ல மாட்டேன். பாப்பா நனைச்சுருதுக்கான்னு சொன்னேன். அது பேரன் பாப்பா கூடத்தான் ஸ்கூல் வேன்ல போறான். வேன்ல பாட்டே கட்டிட்டானுங்க.

அப்புறம் யோசிச்சேன். வெக்கம் வந்தா நிக்கும்ல? பெட்சீட்டை நீயே கொண்டு போய் கொடியில போடணும்னு சொன்னேன். கொடி அதுக்கு எட்டாது. ஸ்டூலை இழுத்துட்டு வந்து போட்டு, ஏறி நின்னு, அந்த ஈரச் சீட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ரெண்டு தடவை மேலயே விழுந்துச்சு. நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், அழும், அப்பான்னு வந்து கால்ல கட்டிக்கும், நான் தூக்கிக்கலாம்னு. அழுவல. போட்டு முடிச்சுட்டு, ஸ்டூலை எடுத்த இடத்துல வச்சுட்டு, உள்ள போயிருச்சு.

இதுல எம் மேல என்ன தப்புங்கிறீங்க? நீங்க ஒண்ணும் சொல்லல, சரிதான். உங்க முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னேன். அதைக் கரெக்டாக் கேட்டுச்சுண்ணே. நான் சொன்னா கேட்குது பாருன்னு எனக்கு ஒரு சந்தோசம். மாமன்காரன் சொன்னாத்தான் கேட்கும்னு இவங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்கல்ல. ஆனா அது சாயங்காலம் மட்டும் விடல, பகல்லயும் விட்டுருச்சு. ஸ்கூலுக்குக் குடுத்து விடுற வாட்டர் பாட்டில் அப்பிடியே ஃபுல்லாத் திரும்பி வருது. பாத்ரூமும் போறதில்லையாம், அடக்கி அடக்கி வச்சிருக்கும் போல. டீச்சர் பிற்பாடு சொன்னாங்க.

ஒரு நாள் மத்தியானம் கடையில இருக்கேன், வேன் டிரைவர் போன் பண்றாரு. பாப்பாவுக்குக் காய்ச்சல், வாந்தி, அடிவயித்தைப் புடிச்சுக்கிட்டு நிமிர முடியாம கிடக்குதுன்னு. தூக்கிக்கிட்டு பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். உடம்பு அனலாக் கொதிக்குது. மடியில போட்டிருந்தேன்ணே. பொறந்ததுலேர்ந்து அன்னைக்குத்தான் அது என் மடியில அவ்வளவு நேரம் இருந்துச்சு. அதுக்கே நெனவு சரியா இல்ல.

யூரின்ல இன்ஃபெக்‌ஷன்னு சொல்லி அட்மிட் பண்ணிட்டாங்க. லேடி டாக்டர். தண்ணி குடிக்காம, வர்றதையும் அடக்கி வச்சதால வந்ததுன்னாங்க. ஏன் குடிக்கலன்னு கேட்டாங்க. சுகுணா எல்லாத்தையும் சொல்லிட்டா. சீட்டு, கொடி, சுவரு, ஒண்ணு விடாம. வெளியாள்கிட்ட வீட்டு விசயத்தை இப்பிடியா சொல்லுவாங்க.

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டாங்க. "இதுக்கு முன்னால நல்லா இருந்த பிள்ளைதான? வீட்டுல சமீபத்துல ஏதாவது மாற்றம் நடந்துச்சா? யாராவது புதுசா வந்தாங்களா?"

"யாரும் வரலைங்க டாக்டர்"ன்னேன். "நான்தான் வந்திருக்கேன்."

அவங்க ஒரு மாதிரி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க, பிள்ளை இதை வேணும்னே செய்யல, தூக்கத்துல அதுக்கே தெரியாம ஆவுது, திட்டவும் கூடாது, நாலு பேருக்கு முன்னால சொல்லவும் கூடாது, பகல்ல தாராளமாத் தண்ணி குடிக்கணும், படுக்கும்போது பாத்ரூம் கூட்டிட்டுப் போவணும், நடுவுல எழுந்தாலும் பயமில்லாமப் போக வழி இருக்கணும்னு. வராந்தாவுக்கு வந்ததும் சுகுணா ஆரம்பிச்சுட்டா. "கேட்டீங்கல்ல? அந்தத் தாழ்ப்பாளைப் போடாம இருந்தா எம் பிள்ளைக்கு இது வந்திருக்காது. ரெண்டு நாள் தட்டுச்சு, ரெண்டு நாளும் நான் எந்திரிச்சேன், என்னைப் போக விட்டீங்களா?" ஆஸ்பத்திரியில வச்சு அப்பிடிப் பேசறா. அவ அப்பிடித்தான், ஒரு விசயம் கிடைச்சா விட மாட்டா.

ஆனா ஒண்ணுண்ணே. சாயங்காலம் காய்ச்சல் கொஞ்சம் இறங்குச்சு. நான் டம்ளர்ல தண்ணி ஊத்தி, குடி பாப்பான்னு வாய்கிட்டக் கொண்டு போனேன். வாயைத் தொறக்கல. என் முகத்தையே பார்த்துச்சு. "குடிக்கலாங்களாப்பா? இப்ப மணி என்ன?"ன்னு கேட்டுச்சு.

குடிக்கலாம், எப்ப வேணும்னாலும் குடிக்கலாம்னேன். ரெண்டு மடக்குக் குடிச்சுது. போதும்னு தலையை ஆட்டிருச்சு. மிச்சத் தண்ணியை நான்தான் குடிச்சேன்.

மறுநாள் காலையில குரு வந்துட்டான். யாரு சொன்னா, எப்பக் கிளம்புனான்னு எனக்குத் தெரியாது. கசங்குன சட்டையோட வந்து நிக்கிறான். "குருமா"ன்னுச்சு பாப்பா. அவன் ஒண்ணும் பண்ணலண்ணே. பக்கத்துல உக்காந்தான், இளநியில ஸ்ட்ராவைப் போட்டுப் புடிச்சான். அது அவன் தோள்ல சாஞ்சுக்கிட்டு முழு இளநியையும் குடிச்சுருச்சு. சுகுணா கண்ணைத் தொடைச்சுக்கிறா. நர்சு சிரிக்குது. நல்ல விசயம்தான, எம் பிள்ளை பொழைச்சா எனக்குச் சந்தோசம்தான? நான் டீ குடிச்சுட்டு வர்றேன்னு வெளிய வந்துட்டேன். டீ குடிக்கல. சும்மாத்தான் நின்னேன். எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி இருந்தப்பக்கூட அவ்வளவு தூரத்துல நான் நின்னதில்ல.

அவன் வெளிய வந்தான். "அத்தான், பாப்பா உங்களைக் கேட்குது"ன்னான். பொய்யின்னு எனக்குத் தெரியும். அவனும் கண்ணைப் பார்த்துச் சொல்லல. அப்புறம், "ஸ்பாஞ்சு மெத்தை வேணாம் அத்தான், பாயில பழைய பெட்சீட்டை மடிச்சுப் போட்டா அலசிப் போடுறது லேசு"ன்னான். எம் பிள்ளை படுக்குறதுக்கு எனக்கு யோசனை சொல்றான். சரின்னேன். மத்தியானமே பஸ் ஏறிட்டான், ஷிப்டுக்குப் போவணும்னு. கோவமா ஒரு வார்த்தை பேசலண்ணே. பேசியிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன். துருப் புடிச்சிருந்துச்சு, அதான். அது புதுத் தாழ்ப்பாளாச்சேன்னு சுகுணா கேட்கல. ஸ்க்ரூ இருந்த ஓட்டையை மட்டும் விரலால தடவிப் பார்த்துட்டுப் போனா. பாய் போட்டோம். வழியில லைட்டை விட்டு வச்சோம். போனும் பேச விட்டுட்டேன். நனைஞ்ச அன்னைக்கு நான் வாயே தொறக்குறதில்ல. கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுச்சு. அப்புறம் நின்னே போச்சு.

அதுல எனக்கு என்ன பேரு வந்துச்சுங்கிறீங்க? சுகுணா அவன்கிட்டப் போன்ல சொல்றா. "நீ பேச ஆரம்பிச்சதுலேர்ந்துதாண்டா நின்னுருக்கு"ங்கிறா. அவன் திருப்பூர்ல உக்காந்துக்கிட்டு நிப்பாட்டிட்டானாம். தாழ்ப்பாளைக் கழட்டுனவன் இங்க இருக்கேன். தினம் லைட்டைப் போடுறவன் இங்க இருக்கேன். பாப்பாவும் போனைப் புடிச்சுக்கிட்டு, "குருமா, நான் குட் கேர்ளு, இப்பல்லாம் ஒண்ணுமே ஆவல"ன்னு சொல்லுது. அவன் அந்தப் பக்கம் கை தட்டுறான். எனக்குக் கேட்குது.

சரி, விடுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் இவ்வளவு இழுத்தேன்.

போன வாரம், காலையில, சுகுணா பால் வாங்கப் போயிருந்தா. நான் கொல்லையில பல்லு விளக்கிக்கிட்டு இருக்கேன். பின்னால சத்தமே இல்லாம வந்து நிக்குது பாப்பா. கவுனு நனைஞ்சிருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. வாய் பூரா பேஸ்ட்டு, சொல்லவும் முடியாது. அது வந்து என் சுண்டு விரலைப் புடிச்சுச்சு.

"அப்பா, இன்னைக்கு ஆயிருச்சு. அம்மாகிட்ட சொல்லாத. குருமாகிட்டயும் சொல்லாத. நின்னுருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

என்கிட்ட அது எப்பவும் வாங்க, போங்கன்னுதாண்ணே பேசும். விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரி. அன்னைக்கு 'சொல்லாத'ன்னுச்சு. சொல்லாதீங்கன்னு சொல்லல.

வாயைக் கொப்புளிச்சுட்டு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னேன். ரெண்டு பேரும் சேர்ந்து பெட்சீட்டை அலசுனோம். ஒரு முனையை அது புடிச்சுக்கிச்சு, ஒரு முனையை நான் புடிச்சேன். முறுக்கிப் புழிஞ்சோம். தண்ணி அது கால்ல ஊத்துச்சு, சிரிச்சுது. கொடியில போடல. மொட்டை மாடிக்குக் கொண்டு போய், வாட்டர் டேங்குக்குப் பின்னால போட்டோம். யார் கண்ணுக்கும் தெரியாது. இன்னும் கொஞ்சம் இழுத்து விடுப்பா, எதிர்வீட்டுக்குத் தெரியும்னு எனக்கு அது சொல்லுது.

சுகுணா வந்து, பெட்சீட்டு எங்கன்னு கேட்டா. நான் டீயைக் கொட்டிட்டேன், அலசிப் போட்டிருக்கேன்னேன். பிள்ளை படுக்கையில போய் உக்காந்து எதுக்கு டீ குடிக்கிறீங்கன்னு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவ முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு பாப்பா என்னைப் பார்த்துச்சுண்ணே. அந்தப் பார்வை பார்க்குறதுக்கு இன்னும் ரெண்டு தடவை நனைச்சாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு எனக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். இப்பல்லாம் காலையில எந்திரிச்சதும் மொத வேலையாப் பாயைத் தொட்டுப் பார்க்குறேன். காஞ்சிருக்கு. தினம் காஞ்சுதான் இருக்கு.

சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு உங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்க காங்கயத்துல இறங்கிப் போயிருவீங்க, அதனால பரவால்ல. குருகிட்ட சொல்ல மாட்டேன். கழுத்தைப் புடிச்சாலும் சொல்ல மாட்டேன். வெத்தலை பாக்கை வச்சுக் குடுத்துட்டு, சாப்பிட்டுட்டு, கிளம்புறப்ப ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுவேன். எனக்கும் பாப்பாவுக்கும் ஒரு ரகசியம் இருக்குடா மாப்ள, உனக்குத் தெரியாதுன்னு.

என்ன அத்தான் அதுன்னு கேட்பான். கேட்கட்டும்.